எதிராளிக்குக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம்

தன்னை வெட்ட வருகிறவளின் வாள் இன்னும் பளிச்சென்று எரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட படைத்தலைவி உலகத்திலேயே அண்ணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். நாடக மேடை என்பது என் கிரீடம் மின்னவில்லை, என் மேலங்கி தரையில் புரளவில்லை என்று ஆளாளுக்கு மூக்கைச் சிந்துகிற இடம். அங்கே இவள் தன் வாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், சிட்டுவின் வாளில் வெளிச்சம் போதவில்லை, அதை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்று கணவரிடம் கேட்டாள். அவர் கையிலிருந்த கட்டிங் பிளையரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். படைத்தலைவி திருடியோடு கூட்டுச் சேர்ந்துவிட்டாள் போலிருக்கிறதே என்றார்.

சிட்டு அவளுடைய நாத்தனார், கணவரின் ஒரே தங்கை. சிட்டு அண்ணி அண்ணி என்று வாய் ஓயாமல் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நாடகக் குழு மொத்தமும் அவளை அண்ணியாக்கிவிட்டது. தலை நரைத்த திரை இழுப்பவர்கூட அண்ணி என்றுதான் கூப்பிடுவார். பகலில் அவளுக்குச் சலவைக்கடையில் வேலை. விடுதிகளின் போர்வைகளும் மேசை விரிப்புகளும் மலையாகக் குவியும் இடம் அது. கணவர் அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர், அதனால் குழுவுக்கு அவர் லிஃப்ட்காரர். மேடையில் ஏறச் சொன்னால் ஓடியே போய்விடுவார். ஆனால் நாடகத்துக்கு வேண்டிய வாள், விளக்கு, இடி, மின்னல் எல்லாம் அவர் கைவண்ணம்.

விஷயம் இதுதான்: அண்ணிக்கு இருட்டில் கண் தெரியவில்லை. பகலில் ஒரு குறையும் இல்லை. வெள்ளைப் போர்வையில் ஊசிமுனை அளவு கறை இருந்தாலும் பிடித்துவிடுவாள். வெளிச்சம் குறைந்தால்தான் வம்பு. கண் மருத்துவர் ஒரு வட்டம் வரைந்து காட்டி, கண்ணுக்குள் இருக்கும் திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டு வருகிறது, முதலில் இருட்டுப் பார்வை போகும், மெதுவாகத்தான் போகும், பயப்படாதீர்கள் என்றார். மருந்து இருக்கிறதா என்று கேட்டாள். இப்போதைக்கு இல்லை என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, வரும் வழியில் ரொட்டியும் சோப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன் விடவில்லை என்றால், கட்டிக்கொண்ட மனிதரை அவளுக்குத் தெரியும். லிஃப்டின் இரும்புக் கயிற்றை ஒவ்வொரு இழையாகத் தடவிப் பார்த்து, ஓர் இழை பிரிந்திருந்தாலும் கட்டடத்தையே நிறுத்தி வைக்கிற ஆள் அவர். விஷயம் தெரிந்தால் மறுநாளே படிக்கட்டில் ரப்பர் விரிப்பு வரும், குளியலறையில் பிடிகயிறு வரும், சாயந்திரம் ஆனால் வாசலைத் தாண்டக் கூடாது என்ற சட்டமும் வரும். அவ்வளவும் பாசத்தில் செய்வார். அதுதான் தொல்லை. கோபத்தில் செய்தால் எதிர்த்துச் சண்டை போடலாம், பாசத்தில் செய்கிறவரை என்ன செய்வது? முதல் வேலையாக நாடகம் நின்றுபோகும். நாடகம் நின்றால் தனக்கு எதுவும் மிஞ்சாது என்று அண்ணி நினைத்தாள்.

அவள் அப்படி நினைத்ததில் தப்பில்லை. நிலாவைத் திருடிக்கொண்டு போன ஒருத்தியைத் தேடி ஒரு படைத்தலைவி இருண்ட நாட்டுக்குள் போகிறாள் என்பது கதை. கடைசிக் காட்சியில் அரங்கத்து விளக்குகள் அத்தனையும் அணைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு ஆள் தெரியாது, மேடை தெரியாது. மஞ்சளாக ஒரு கோடும் நீலமாக ஒரு கோடும் வெறும் காற்றில் மிதந்து, மோதி, விலகி, சுழலும். மஞ்சள் அண்ணியின் வாள், நீலம் சிட்டுவின் வாள். வாரம் முழுக்க ஆவியிலும் ஈரத்திலும் அடுத்தவர் போர்வையை மடித்துக்கொண்டிருப்பவளுக்கு, அந்தக் கொஞ்ச நேரம் உடம்பே இல்லாமல் வெளிச்சமாக மட்டும் இருப்பது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சொல்லப்போனால் அவளுடைய இருட்டும் பார்க்க அசிங்கமாக இல்லை. மற்றவர்களுக்கு முன்னால் அவளுக்குச் சாயந்திரம் வந்துவிடும். சலவைக்கடையிலிருந்து அவள் திரும்பும் தெரு மெல்ல மெல்லக் கரையும். முதலில் சுவர்கள் போகும், பிறகு மரங்கள், பிறகு எதிரே வருகிறவர்களின் கால்கள். கம்பம் இல்லாத விளக்குகள் ஆகாயத்தில் தனியாக நிற்கும். பேருந்து என்பது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து புறப்பட்டு வரும் வெளிச்சமான ஓர் அறை. அதன் கதவு அவளுக்கு முன்னால் திறக்கும், அவள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். சில சமயம் அவளுக்கு இதெல்லாம் பிடித்துக்கூட இருந்தது. வீட்டுக்குள் நுழையும்போது மட்டும் வாசற்படி எங்கே என்று காலால் துழாவ வேண்டியிருந்தது, அதை யாரும் பார்க்காமல் செய்யப் பழகியிருந்தாள்.

மேடையிலும் அப்படித்தான். தன் வாள் எங்கே இருக்கிறது என்று கைக்கே தெரியும், அதைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் பார்த்தது நீலக் கோட்டை. அது பின்னால் போனால் அங்கே தரை இருக்கிறது, இவளும் போகலாம். அது வலப்பக்கம் வளைந்தால் இடப்பக்கம் மேடை முடிகிறது என்று அர்த்தம். யாரும் இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். ஆனால் நாளாக நாளாக அந்த நீலமும் இளைத்துக்கொண்டே போயிற்று. துடைத்த கரும்பலகையில் மிச்சமிருக்கிற சாக்பீஸ் கோடு போல ஆனது.

ஒரு நாள் ஒத்திகையில் நீலக் கோடு சட்டென்று திரும்பியதில் காணாமலே போய்விட்டது. வாளாக எரியும் குழாய்தான் அவள் பார்வையை விட்டுப் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும். அண்ணி அப்படியே நின்றாள். கால் கட்டை விரலுக்குக் கீழே பலகை இல்லை. இடுப்பளவு உயர மேடை, கீழே சிமெண்டுத் தரை. இரண்டு மூச்சு விடுவதற்குள் நீலக் கோடு தானாக அவள் முகத்துக்கு நேரே திரும்பி வந்து, மெதுவாக மேடையின் நடுப்பக்கம் போனது. இவளும் பின்னாலேயே போனாள். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து, எதிராளியின் வாளுக்கு வெளிச்சம் கேட்டாள்.

லிஃப்ட்காரர் மசியவில்லை. வாள் செய்வதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்வார். பால் நிறப் பிளாஸ்டிக் குழாய்க்குள் சீரியல் லைட்டை மடித்து விடுவார். கைப்பிடிக்குள் மூன்று பென்சில் பேட்டரி, ஒரு ரெசிஸ்டர், ஒரு சின்ன ஃபியூஸ். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி உறை போட்டுச் சூடு காட்டி இறுக்குவார். ஓர் இணைப்புக்குப் பக்கத்தில் இன்னொன்று வராதபடி முன்னும் பின்னுமாகத் தள்ளி வைப்பார். பிறகு வாளை எரியவிட்டுத் தலையணையில் அடிப்பார், கதவு நிலையில் அடிப்பார், உலுக்குவார். கடைசியில் கைப்பிடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். கை பொய் சொல்லும், கன்னம் சொல்லாது என்பது அவர் கட்சி. குழந்தையைத் தூங்க வைக்கிறார் பாருங்கள் என்று சிட்டு கிண்டல் பண்ணுவாள்.

"இந்த லைட்டுக்குப் போதும்னு சொல்லத் தெரியாது," என்றார் அண்ணியிடம். "ஊத்த ஊத்தக் குடிக்கும். அளந்து ஊத்துறதுக்குத்தான் இந்த ரெசிஸ்டர். நீ கேக்குற மாதிரி கூட்டினா ரெண்டு நாள் ஜோரா இருக்கும், அப்புறம் பிடிச்சவ கை வெந்துடும்."

அவள் மறுபடியும் கேட்டாள். இன்னொரு நாள் வேறு மாதிரி கேட்டாள். பார்வையாளர்களுக்குத் தெரியாது என்றாள், நீலம் எடுபடவில்லை என்றாள், பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும் என்றாள். அவரும் ஒரு நாள் பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, அங்கிருந்தும் நன்றாகத்தான் தெரிகிறது என்றார். அவருக்குத் தெரியாமல் என்ன. இருபது வயதுக் கண் மாதிரி கண். எனக்குத் தெரியவில்லை என்ற ஒரே வாக்கியத்தை மட்டும் அவள் சொல்லவில்லை.

முழு ஒத்திகைக்கு முந்தின நாள் கடைக்கு விடுமுறை. வீட்டில் யாரும் இல்லை. மதிய வெயில் சன்னல் வழியாக மேசை மேல் விழுந்து கிடந்தது. அண்ணி சிட்டுவின் வாளை எடுத்து வைத்துக் கைப்பிடியைத் திருகினாள்.

இனி அவள் செய்ததைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். லிஃப்ட்காரர் பழைய பவர் பேங்குகளிலிருந்து கழற்றிய லித்தியம் செல்களைத் தகர டப்பாவில் மணல் போட்டு அதற்குள் வைத்திருப்பார், யாரும் தொடக் கூடாது. அதில் ஒன்றை எடுத்தாள். பென்சில் பேட்டரிகளைத் தூக்கிவிட்டு அதைச் செருகினாள். அளந்து ஊற்றுகிற ரெசிஸ்டரின் இரண்டு பக்கத்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, அளக்கிற வேலையே இல்லாமல் பண்ணினாள். சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது.

வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். ஃபியூஸ் போவது என்றால் வேண்டாம் என்று சொல்வதுதானே. ஆனால் சலவைக்கடையில் அதற்கு அப்படி ஒரு மரியாதை கிடையாது. இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போகும். விடுதியிலிருந்து போர்வை கேட்டு ஆள் வந்து நிற்கும்போது எலக்ட்ரீஷியனுக்கா காத்திருக்க முடியும்? செம்புக் கம்பியில் ஓர் இழையை உருவிச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அண்ணியே எத்தனையோ தடவை சுற்றியிருக்கிறாள், கடை இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அந்தத் தைரியத்தில், அதே பழக்கத்தில், இங்கேயும் ஓர் இழையைச் சுற்றினாள்.

வாள் எரிந்தது. சன்னல் வெயிலிலேயே அது எரிவது தெரிந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சன்னல் இல்லாத அறை, பல மாதங்களாக அவள் உள்ளே போனால் கையால் தடவித்தான் சாமான் எடுப்பாள். இப்போது அலமாரியின் தட்டுகள் தெரிந்தன. பழைய குடை, ஏணி, கவிழ்த்து வைத்த வாளி, பாட்டில்களின் கழுத்துகள் எல்லாம் தண்ணீருக்குள் இருப்பது போல நீலமாக நின்றன. தன் முழங்கையைப் பார்த்தாள், அதில் இருந்த மச்சத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகைதான். கைப்பிடி லேசாக வெதுவெதுப்பாக இருந்தது, நாம் பிடித்துக்கொண்டிருக்கிற சூடு என்று நினைத்தாள்.

மறுநாள் முழு ஒத்திகை. கூடத்துச் சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டியாயிற்று. நடத்துகிறவர் விசிலம்மா, நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். நடிகர்களையும் நீச்சல் பிள்ளைகளையும் அவர் பெரிதாக வித்தியாசம் பார்ப்பதில்லை, இரண்டு கூட்டத்தையும் விசிலால்தான் மேய்ப்பார். லிஃப்ட்காரர் எங்கோ ஒரு கட்டடத்தில் மாட்டிக்கொண்ட லிஃப்டைக் கிளப்பப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இரண்டு கைப்பிடியையும் கன்னத்தில் வைத்துப் பார்க்காமல் மேடைக்கு விட்டிருக்க மாட்டார். அவர் வருவதற்கு நேரமாகும் என்று தெரிந்ததும் அண்ணிக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

விளக்குகள் அணைந்தன. நீலம் எழுந்தது.

அப்படி ஒரு சண்டையை அவள் அதுவரை போட்டதில்லை. நீலக் கோடு இப்போது கோடாக இல்லை, அதைச் சுற்றிக் கொஞ்சம் காற்றும் தெரிந்தது, அதைப் பிடித்த விரல்களின் ஓரமும் தெரிந்தது. பயம் விட்டுப்போனதும் கால் தானாக எழுந்தது. அவள் சுழன்றாள், குனிந்தாள், பின்னால் பார்க்காமல் பின்னால் போனாள். மஞ்சளும் நீலமும் மோதும் இடத்தில் ஒரு நொடி வெள்ளை பூத்து மறைந்தது. கூடத்தில் இருமல்கூட இல்லை. எப்போதும் குறுக்கே வெட்டுகிற விசிலும் ஊதப்படவில்லை. நேரம் என்ற ஒன்று இல்லாமல் போய், யாரோ காணும் கனவுக்குள் தாங்கள் இரண்டு பேரும் பறந்துகொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. இது முடியவே கூடாது என்று நினைத்தாள்.

அப்போதுதான் வாசனை வந்தது. நைலான் துணியில் இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்தால் வருமே, அந்த வாசனை. யார் பெட்டியை அணைக்காமல் போனது என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. இது சலவைக்கடை இல்லை என்பது அடுத்துதான் உறைத்தது.

"சிட்டு, அதைக் கீழே போடு."

சிட்டு போடவில்லை. வாள் மோதுவது மட்டும் நின்றது. நீலக் கோடு அண்ணியின் முகத்துக்கு நேரே உயர்ந்தது, பிறகு பின்னோக்கி நகர்ந்தது. போடுடி என்று அண்ணி மறுபடியும் சொன்னாள், சொல்லிக்கொண்டே பழக்கத்தில் அதன் பின்னால் நடந்தாள். அது நிதானமாகப் போனது, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு போனது. பக்கத் திரை அண்ணியின் தோளில் உரசியது. அதற்குப் பிறகுதான் நீலம் தரையில் விழுந்தது, ஒரு சின்ன முனகல் கேட்டது.

யாரோ விளக்கைப் போட்டார்கள். வாசலில் அப்போதுதான் நுழைந்த லிஃப்ட்காரர் ஓடி வந்து, கிடந்த சாக்கால் வாளைப் பிடித்து வெளியே கொண்டுபோய், தீயணைப்பு வாளியின் மணலைக் கொட்டி மூடினார். மணலுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் புகை வந்துகொண்டிருந்தது. சிட்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல் புதிதாக வளரும் என்றார்கள். லிஃப்ட்காரர் சுவரில் சாய்ந்து நின்றார், முகம் வெளிறிக் கிடந்தது. இன்னும் கைப்பிடியைத் திறந்து பார்க்காத மனிதர். நான்தான் எங்கேயோ கோட்டைவிட்டுவிட்டேன், நேற்றே பார்த்திருக்க வேண்டும், இனிமேல் இந்த வேலையைத் தொடவே மாட்டேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அவர் அப்படிச் சொன்னபோதும் அண்ணிக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

கேட்கத் துணிவு இல்லாமலே சிட்டுவிடம் கேட்டாள். நான்தான் போடச் சொன்னேனே, ஏன் போடவில்லை என்றாள்.

சிட்டு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "போட்டிருந்தா நீங்க எங்க போவீங்க அண்ணி? மேடை ஓரத்துல நின்னுட்டிருந்தீங்க."

அன்றைக்கு வீட்டில் கரண்ட் போனபோது தம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றினீர்களே, அப்போதே தெரியும் என்றாள் சிட்டு. அண்ணி தானாகச் சொல்வாள் என்று பார்த்தாளாம், சொல்லவில்லை, அதனால் இவளும் கேட்கவில்லை. வாளை எப்போதும் உங்கள் முகத்துக்கு நேரே வைத்திருந்தால் போதும் என்று தெரிந்தது, அதற்கு ஏற்ற மாதிரி சண்டையை மாற்றிக்கொண்டேன், விசிலம்மாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டேன் என்றாள். ஏதோ கடைக்குப் போய் வந்த கதை சொல்வது போலச் சொன்னாள்.

லிஃப்ட்காரர் சுவரை விட்டு நிமிர்ந்திருந்தார். யாருக்கு என்ன தெரியும் என்கிறீர்கள் என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு இருட்டுல கண்ணு தெரியலைங்க," என்றாள் அண்ணி. "வாளை மாத்தினது நான்தான். நீங்க ஒண்ணும் பண்ணலை."

அதற்குப் பிறகு எல்லாம் வந்துவிட்டது. மருத்துவர் வரைந்த வட்டம், வாசற்படி, தகர டப்பா, செம்பு இழை, எதையும் பாக்கி வைக்காமல் கொட்டினாள். அவர் முதலில் கோபப்பட்டது செம்பு இழைக்குத்தான். கண்ணை மறைத்ததுகூடப் போகட்டும், ஃபியூஸில் கம்பியைச் சுற்றினாயா என்று மருத்துவமனை என்றும் பார்க்காமல் கத்தினார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கத்தி முடித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெஞ்சில் வந்து உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அண்ணி எதற்குப் பயந்தாளோ அதைச் சொன்னார். இனிமேல் மேடை வேண்டாம் என்றார். எத்தனை அன்பாகச் சொல்ல முடியுமோ அத்தனை அன்பாகச் சொன்னார்.

அண்ணி தலையை ஆட்டிவிட்டாள். சிட்டுவின் கையைப் பார்த்த பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு எதிர்த்துப் பேசுவது?

"அப்ப நான் எதுக்குண்ணா இந்தக் கையைப் பொசுக்கிக்கிட்டேன்?" என்றாள் சிட்டு.

நடைபாதையில் ஒரு சக்கர நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டு போயிற்று. லிஃப்ட்காரர் தங்கையின் கட்டு நழுவாமல் சரி செய்தார். பிறகு மனைவியிடம், ஒரே இடத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் இருந்தால் நன்றாகத் தெரிகிறதா, அல்லது பரவலாகச் சின்னச் சின்னதாக நிறைய இருந்தால் தெரிகிறதா என்று கேட்டார். லிஃப்டில் எங்கே சத்தம் வருகிறது என்று கேட்கிற அதே குரலில் கேட்டார். பரவலாக இருந்தால்தான் உருவம் பிடிபடுகிறது என்றாள் அவள். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, ஒரு வாளைப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்க வேண்டாமே என்று அலுத்துக்கொண்டு, சிட்டுவிடம் அவளுடைய திருடி வேடத்துக் கறுப்பு உடை எங்கே என்று கேட்டார்.

வீடே பட்டறையாகிவிட்டது. சிட்டுவின் கறுப்பு உடையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை, கழுத்தைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, முழங்கால் வரை, துண்டு துண்டாகச் சீரியல் லைட் போனது. ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பேட்டரி, தனி ரெசிஸ்டர், தனி ஃபியூஸ். ஒன்று கெட்டால் அது மட்டும் அணையும், மற்றவை எரியும். பேட்டரிகளை உடம்பில் படாதபடி தடித்த துணிப் பைக்குள் வைத்து வெளிப்பக்கம் தைத்தார்கள். தைத்தது அண்ணி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், செம்பு இழை விஷயத்தில் அவருக்கு இன்னும் அவளை நம்ப முடியவில்லை. மேடை விளிம்பு நெடுக, பார்வையாளருக்குத் தெரியாதபடி ஒரு தாழ்வான விளக்கு வரிசையும் வைத்தார். விசிலம்மா முதலில் குதித்தார், இருட்டில் வருகிற திருடி எங்கேயாவது உடம்பெல்லாம் எரிந்துகொண்டு வருவாளா என்றார். மறுநாள் அவரே, நிலாவைத் திருடினவள் நிலா மாதிரி வராமல் வேறு எப்படி வருவாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிட்டுவின் கைக்கு ஓய்வு வேண்டியிருந்ததால் ஒத்திகை நடக்கவில்லை. உடையும் நாடகத்தன்று காலையில்தான் முடிந்தது. கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, அண்ணா செய்த புது வாளை இடது கையில் பிடிப்பேன், ஒரு நாளைக்குத் திருடி இடது கைக்காரியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று சிட்டு சொல்லிவிட்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. கடைசிக் காட்சிக்கு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அண்ணிக்கு வழக்கம் போல எல்லோருக்கும் முன்னாலேயே எல்லாம் போய்விட்டது. கூட்டத்தின் மூச்சு மட்டும் எதிரே இருந்தது. மஞ்சள் வாளைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, பழக்கத்தில், ஒரு மெல்லிய நீலக் கோட்டுக்காகக் காத்து நின்றாள்.

வந்தது கோடு இல்லை, ஆள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு தோள் வந்தது, பிறகு கழுத்து, இடுப்பு, அசைகிற முழங்கால்கள். எந்தப் புள்ளியும் கண்ணைக் கூசவில்லை, எல்லாம் சேர்ந்து ஒரு பெண்ணாகி நடந்து வந்தது. நெஞ்சோடு ஒட்டிய வெள்ளைக் கட்டு தெரிந்தது. கழுத்து விளக்குகள் கீழேயிருந்து முகத்தில் விழுந்து மோவாய் தெரிந்தது, மூக்கு தெரிந்தது. இருட்டில் ஒரு மனித முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது என்று அண்ணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிட்டு வாளை உயர்த்தினாள். படைத்தலைவி இப்போது பாய வேண்டும். அண்ணி பாயவில்லை, சிட்டுவின் கண்களையே பார்த்தபடி நின்றாள். இருட்டில் சண்டை போடும்போது அந்தக் கண்கள் எங்கே பார்த்துக்கொண்டிருக்கும் என்று இத்தனை நாளும் அவளுக்குத் தெரிய வழியில்லை. தன் வாளைத்தான் பார்க்கும் என்று நினைத்திருந்தாள். மஞ்சள் வாள் பக்கவாட்டில் எரிந்துகொண்டிருந்தது, சிட்டு அதைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வையைத் தாழ்த்தி அண்ணியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.